ஆளில்லாதது

ஜாலான் டூத்தா, மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மூன்றாவது மாடி.
ஏர்கோன் குளிருக்குச் சால்வை போர்த்திய
மொழிபெயர்ப்பாளர் நான்.
கூண்டில் அன்னக்கொடி த/பெ சின்னப்பன்,
செந்தூல் அடுக்குமாடி, பதினோராம் தளம், துப்புரவு வேலை.
குற்றம்:
நாலாயிரத்து இருநூறு வெள்ளிப் பொருளைத்
துடைப்பக்கட்டையால் அடித்து வீழ்த்தியது.

பொருளின் பெயரை அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.
இனி அதைத் தமிழாக்குவது என் பாடு.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேனென்று
சத்தியம் செய்து பத்தொன்பது வருஷம்.

ட்ரோன்.
மலாய் அதை மெல்லாமல் விழுங்கிவிட்டது.
நான்தான் நேற்றிரவு அகராதியில்
அதன் கூட்டைக் கலைத்துப் பார்த்தேன்.
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அது வெறும் ஆண் தேனீ.
கொடுக்கு இல்லை. மெழுகு சுரக்காது. தேன் சேர்க்காது.
தகப்பன் இல்லாமல் பிறக்கும், தாய்வழிப் பாட்டன் மட்டும் உண்டு.
ராணியோடு ஆகாயத்தில் ஒரே ஒரு தரம்,
அத்தோடு சாவு.
அதற்கும் கொடுத்துவைக்காததைக் குளிர் வருமுன்
கூடப்பிறந்தவளுகளே இழுத்து வெளியே போடுவார்கள்.

பிறகு அந்தச் சொல் இங்கிலீஷ்காரன் வீட்டுக்குள் நுழைந்து
உழைக்காமல் தின்கிறவன் ஆயிற்று.
தொண்டைக்குள் நுழைந்து
ஒரே சுருதியில் இழுக்கிற பேச்சாயிற்று
(இதோ, இவர் வாதிடுகிற மாதிரி).
அப்புறம் பட்டாளத்தில் சேர்ந்தது.
பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக
ஓட்டி இல்லாத விமானம் ஒன்று செய்து
ராணித் தேனீ என்று பெயர் வைத்தார்களாம்.
ராணி இருந்தால் ஆண் ஈ வேண்டாமா,
அப்படி ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.
சுடப்படுவதற்கென்று பிறந்தது
சுடவும் கற்றுக்கொண்டது.

நம்மிடம் சொல்லா இல்லை?
சுரும்பு, தும்பி, மிஞிறு,
எழுத்து இடம் மாறினால் ஞிமிறு,
சொல்லும்போதே மூக்குக்குள் சிறகடிக்கும்.
தேன் என்றால் ஒரு காலத்தில் ஈயும்தான்.
இறால் என்றால் தேன்கூடு;
இன்று கீழே கேண்டீனில் மீ கிண்ணத்தில் மிதக்கிறது.
ஒன்றுகூட இந்தக் கூண்டுவரை
படியேறி வர மாட்டேன் என்றது.

கடைசியில் பத்திரிகைத் தமிழில் சொன்னேன்:
"உங்கள் சன்னலுக்கு வெளியே நின்ற
ஆளில்லா விமானத்தை நீங்கள் தாக்கினீர்களா
என்று கேட்கிறார்."

அன்னக்கொடி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"ஆள் இல்லையாம்மா?
அப்ப நான் குளிச்சிட்டு வந்தத
பாத்தது யாரு?"

பின்வரிசையில் கெல்வின் தியோ,
வீடு விற்பவர்களுக்குப் படம் எடுப்பவர்,
கைப்பேசியைத் தொடைமேல் கவிழ்த்தார்.

இதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
அவர்கள் சொல்லில்
ஆள் உண்டா இல்லையா என்ற பேச்சே கிடையாது.
வெறும் ஈ.
அவள் கேள்வியை மாட்ட அதில் ஓர் ஆணிகூட இல்லை.

"புவான், மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.
அந்தப் பொருளைத் தமிழில்
ஆளில்லாதது என்று சொன்னது நான்.
ஆள் இல்லாவிட்டால் பார்த்தது யார்
என்று கேட்பது அவர்."

கூட்டினேனா குறைத்தேனா, இன்னும் தெரியவில்லை.
மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார்.
ஏர்கோன் மட்டும் முரன்றுகொண்டிருந்தது.
ஆகஸ்ட் ஏழுக்கு ஒத்திவைப்பு.

லிஃப்டில் அன்னக்கொடி கேட்டாள்,
அந்தச் சொல்லுக்கு நெசமாவே என்னம்மா அர்த்தம்?
ஆண் தேனீ என்றேன்.
"கொட்டுமா?"
"கொட்டாது."
"பின்ன என்னதான் இருக்கு அதுக்கு?"

கண், என்றேன்.
உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்,
உச்சந்தலையில் இரண்டும் முட்டிக்கொள்கிற அளவுக்கு.
வானத்தில் ராணியைத் தேட.

"அதானே," என்றாள்.
கதவு திறந்தது.
பையிலிருந்து குடையை எடுத்து
வெயிலா மழையா என்றுகூடப் பார்க்காமல்
விரித்துக்கொண்டு போனாள்.